பதினோராவது அவதாரம்

மகாவிஷ்ணுவுக்கு அவதாரம் பத்து என்றும், அதில் ஒன்பது தீர்ந்து பத்தாவது ஒன்று பாக்கியிருக்கிறது என்றும் நமது பௌராணிகர்கள் வெகுகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள். மீனாக வந்தார், ஆமையாக வந்தார், பன்றியாக வந்தார் என்று சொல்லக் கூசாதவர்களுக்கு, கம்ப்யூட்டராகவும் வருவார் என்று சொல்ல மாத்திரம் புத்தி போகவில்லை. அந்தக் குறையை அமெரிக்கர்கள் தீர்த்து வைத்துவிட்டார்கள். 1980களின் மத்தியில் அங்கே கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்தவர்கள், திரையில் மனிதனுக்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு இந்தப் புராணச் சொல்லையே எடுத்து 'அவதார்' என்று பெயர் சூட்டினார்கள். இன்று செத்தவர் பேசுவதாகக் காட்டும் வீடியோவுக்கும், திரையில் செய்தி வாசிக்கும் பொம்மைக்கும்கூட அதே பெயர் வழங்குகிறது. ஆபீசில் ஆளில்லாமல் பதில் சொல்லும் குரலும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்ததுதான்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் பெயரோடு கூட, அவதாரம் என்றதும் கும்பிடு போடுகிற பழைய புத்தியும் சேர்ந்து வந்துவிடக் கூடாதே என்பதுதான் நமது கவலை. அந்தக் கவலை வீணல்ல என்பதைச் சமீபத்தில் தூத்துக்குடிக்குப் போயிருந்தபோது கண்ணாரக் கண்டோம்.

உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர், டீக்கடை ஓரத்தில் உட்கார்ந்து செல்போனோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பாங்கிக் கணக்கிலிருந்து காரணம் தெரியாமல் பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், போனில் ஒரு பெண் குரல் நல்ல தமிழில் பதில் சொல்லுகிறது. அது யந்திரக் குரல். மூன்று நாளாக அந்த அம்மாள் கேட்கிறார். மூன்று நாளாக அதுவும், தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்கிறது. பணம் மாத்திரம் வந்தபாடில்லை. "நேரில் போய்க் கேட்கக் கூடாதா, அம்மா?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் நம்மைச் சாட்டையால் அடித்தது போலிருந்தது. "நேர்ல போனா நீ, வா, போன்னுதான் பேசுதாவ, அண்ணாச்சி. இது என்னைய நீங்கன்னுல்லா சொல்லுது. ஒரு தடவ கூட எரிஞ்சு விழல."

வாசகர்களே! இந்த வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். வெயிலில் நின்று உப்பு வாரும் ஒரு அம்மாளுக்கு 'நீங்கள்' என்ற ஒரு சொல்லைக் கொடுக்க இந்த நாட்டில் மனிதனுக்கு மனம் வரவில்லை, யந்திரத்துக்கு வந்திருக்கிறது. சுயமரியாதை இயக்கம் 1925லிருந்து தொண்டை கிழியக் கேட்டு வந்ததும் இந்த ஒரு சொல்லைத்தான். அந்த அம்மாள் ஏமாளி என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அவர் மரியாதையின் அருமை தெரிந்தவர். வெட்கப்பட வேண்டியவர்கள், அவரை யந்திரத்திடம் மரியாதை தேடும்படி விரட்டிய மனிதர்களேயாவார்கள்.

ஆனால் அந்த மரியாதைக்கு அவர் கொடுக்கும் விலை என்ன? மூன்று நாள் கூலியும், போன பணமும். மரியாதையான வார்த்தையைக் கொடுத்துவிட்டு, பதில் சொல்ல வேண்டியவன் திரைக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் வித்தை இது. இந்த வித்தை தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதல்ல. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முன்பே இங்கு அது நடந்திருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இங்கு முத்துக்குளிப்பு நடந்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா கடிக்காமல் மந்திரம் போடுகிற பார்ப்பனர்களுக்கு. பகலுக்கு மாத்திரம் மந்திரம். இரவானால் அதைக் கழற்றி விடுவார்களாம். இருட்டில் திருட்டுத்தனமாய் எவனும் முத்தெடுத்துவிடக் கூடாதல்லவா! கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஆழத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைத்தவன் குளிகாரன். கரையில் உலர்ந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தவனுக்கு இருபதில் ஒரு பங்கு.

இந்த உத்தியோகத்துக்குக் கடல்கட்டி என்று பெயர். அதாவது கடலைக் கட்டுகிறவர். பரம்பரைப் பாத்தியதையாக அது நடந்து வந்தது. மந்திரக்காரர் இல்லாவிட்டால் குளிகாரர்கள் கடலில் இறங்க மறுப்பார்கள் என்று, வெள்ளைக்கார சர்க்காரும் இவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. இலங்கையில் பெரிய உத்தியோகத்திலிருந்த எமர்சன் டென்னன்ட் என்ற துரை, மன்னார்க் கரையில் அரிப்பு என்னுமிடத்து முத்துக்குளிப்பைப் பார்த்துவிட்டு, 1859இல் வெளியிட்ட தமது புத்தகத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லுகிறார். அவர் போயிருந்தபோது கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. தமக்குப் பதிலாக ஒரு ஆளை அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாளுக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை அவரே துரையிடம் ஒப்புக்கொண்டார். ஆனாலும் தாம் பெரியவருடைய பிரதிநிதி என்பதைச் சுறாக்கள் அறிந்து மரியாதை செய்யும் என்று தைரியமாய்ச் சொன்னாராம்! கடல்கட்டிக் குடும்பத் தலைவரோ அப்போது கத்தோலிக்கக் கிறிஸ்தவர். மதம் எதுவானாலும் சம்பளம் ஒன்றுதானே.

சுறா ஏன் கடிக்கவில்லை? நூற்றுக்கணக்கான படகுகளும், ஆயிரக்கணக்கான ஆட்களும், அவர்கள் போடும் கூச்சலும் கடலைக் கலக்கும்போது சுறா ஒதுங்கிப் போயிருக்கும். இதையொட்டிய காரணத்தை அந்தத் துரையே யோசித்து எழுதியிருக்கிறார். ஆகவே சுறாவை விரட்டியது குளிகாரர்களின் சொந்தச் சத்தம். அதற்குக் கூலி வாங்கியவரோ மந்திரக்காரர். மந்திரக்காரருக்கும் பதிலாள் ஒருவர். குளிகாரனைச் சுறா பிடித்துப் போயிருந்தால், அந்தப் பதிலாளைப் பிடித்து யாராவது பதில் கேட்டிருக்க முடியுமா? "எனக்கு மந்திரமே தெரியாதே, ஐயா" என்று அவர் கையை விரித்திருப்பார். பெரியவரோ வீட்டில் படுத்திருந்தார்!

இன்றைய பேசும் யந்திரத்தையும் இந்தப் பதிலாளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். விஷயம் தெரியாது, ஆனால் தெரிந்தவனைப் போல நிற்கும். பெரியவருடைய பெயரில் பேசும்; ஆனால் பெரியவர் எதிரே வரமாட்டார். நம்முடைய நம்பிக்கையே அதற்கு முதல்.

இது நிற்க. மனிதன் ஏன் யந்திரத்தை மனிதனாகப் பாவிக்கிறான் என்பதைப் படித்தவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர், எலைசா என்ற பெயரில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தியரைப் பற்றிய விவரத்தை வெளியிட்டார். அதற்கு ஒன்றும் தெரியாது. நாம் சொன்ன வாக்கியத்தையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அதை அவர் செய்து வந்ததை மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தவர் அவருடைய காரியதரிசியம்மாள். அந்த அம்மாளே ஒருநாள் அதனோடு சில வார்த்தை பேசிவிட்டு, "நீங்கள் சற்று வெளியே போங்கள், நாங்கள் தனியாகப் பேச வேண்டும்" என்கிற பாவனையில் பேராசிரியரை அறையை விட்டுப் போகச் சொன்னாராம். பேராசிரியர் பயந்து போனார். பிற்பாடு, மனிதன் செய்ய வேண்டிய தீர்ப்பை யந்திரத்திடம் விடாதீர்கள் என்று 1976இல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ரீவ்ஸ், நாஸ் என்ற இருவர் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. ஒரு கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்தது என்று அதே கம்ப்யூட்டர் கேட்டால், ஜனங்கள் தாட்சணியத்தோடு நல்ல வார்த்தை சொல்லுகிறார்கள். வேறு கம்ப்யூட்டர் கேட்டால் குறையைச் சொல்லுகிறார்கள். யந்திரத்தின் மனம் நோகக் கூடாதாம்! அப்படி நடந்துகொண்டீர்களா என்றால் இல்லை என்கிறார்கள். படித்தவர், பாமரர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. குரலைக் கேட்டால் ஆள் இருப்பதாக நினைப்பது மனித சுபாவம். கல்லுக்குக் கண்ணும் மூக்கும் வைத்தவுடன் சாமி என்று நினைப்பதும் அதே சுபாவந்தான். சுபாவத்தில் குற்றமில்லை. நினைத்த பிறகு விசாரிக்காமல் விடுவதே குற்றம்.

விசாரித்தால் என்ன தெரியும்? 1770இல் வியன்னா நகரத்தில் கெம்பலன் என்பவர், துருக்கி வேஷம் போட்ட ஒரு சதுரங்கப் பொம்மையைக் கொண்டுவந்து காட்டினார். பொம்மை தானே யோசித்துக் காய் நகர்த்துகிறது என்று ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. 1809இல் நெப்போலியனே அதனோடு ஆடித் தோற்றான். உண்மை என்னவென்றால், பெட்டிக்குள் ஒரு மனிதன் முடங்கி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். புகழ் பொம்மைக்கு, வசூல் முதலாளிக்கு, முதுகுவலி உள்ளே இருந்தவனுக்கு! இன்றைய பெட்டிக்குள்ளும் மனிதர் இருக்கிறார்கள். ஒரு பிரபல பேசும் யந்திரத்துக்குக் கெட்ட பேச்சு எது, நல்ல பேச்சு எது என்று பழக்கிக் கொடுப்பதற்காக, மனம் கூசும் ஆபாசங்களை நாளெல்லாம் படித்துத் தரம் பிரித்த கென்யா நாட்டுத் தொழிலாளிகளுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலியே கொடுக்கப்பட்டது என்பது 2023 ஜனவரியில் வெளியாயிற்று. குளிகாரனுடைய கதைதான் இதுவும்.

யந்திரத்துக்கு ஜாதி கிடையாது என்று நமது தோழர்கள் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். யந்திரத்துக்குக் கிடையாது, அது படித்த ஏட்டுக்கு உண்டு. மனிதர் எழுதி வைத்ததையெல்லாம் விழுங்கித்தான் அது பேசக் கற்றது. இந்த நாட்டு மனிதர் எழுதி வைத்ததில் மனுவின் விஷம் இல்லாமற் போகுமா? ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் 2023இல் சோதித்துப் பார்த்து, இப்படிப்பட்ட யந்திரங்களில் ஜாதியைப் பற்றிய இழிவான எண்ணங்கள் ஊறிக் கிடப்பதைக் காட்டியிருக்கிறார்கள். வாயில் 'நீங்கள்', வயிற்றில் வர்ணாசிரமம்!

பெண்கள் விஷயமும் அப்படியே. கூப்பிட்டவுடன் ஓடிவர வேண்டும், கோபப்படக் கூடாது, திட்டினாலும் குழைய வேண்டும் என்கிற வேலைக்கு மாத்திரம் முதலாளிகள் பெண் குரலைத் தேடிப் பிடிக்கிறார்கள். இந்தக் குரல்களை ஆபாசமாகத் திட்டினால் அவை கொஞ்சலாய்ப் பதில் சொல்லும்படி செய்யப்பட்டிருந்ததை, ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2019இல் கண்டித்து எழுதிற்று. 2023இல் ஒரிசாவில் ஒரு டெலிவிஷன் கம்பெனி செய்தி வாசிக்கும் பொம்மையைக் கொண்டுவந்தபோது, அதற்கும் புடவை கட்டி லிசா என்று பேர் வைத்துத்தான் நிறுத்தினார்கள். அடுப்படி அடிமைத்தனத்தை ஒழிக்கப் புறப்பட்ட நாம், அது திரைக்குக் குடிபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

மதத் தரகர்கள் இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிடுவார்களா? 2023இல் கீதையின் கிருஷ்ணனே பதில் சொல்லுவதாகப் பேசும் யந்திரங்கள் கிளம்பின; தர்மத்துக்காகக் கொலை செய்தால் குற்றமில்லை என்ற மாதிரியிலும் அவை பேசியது அம்பலமாயிற்று. கிறிஸ்தவத் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்கச் சங்கமொன்று பாதிரி உடையில் ஒரு பொம்மையை நிறுத்தியது. தான் நிஜப் பாதிரியே என்று அது சாதிக்க ஆரம்பித்ததும், சில நாளைக்குள் அங்கியைக் கழற்றிவிட்டார்கள். அதே வருஷம் சுவிட்சர்லாந்தில் லூசர்ன் நகரத்துக் கோவிலொன்றில், பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் ஏசுவின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் காட்டிப் பேச வைத்தார்கள். 2025 கும்பமேளாவிலோ, ஆள் வர வேண்டாம், போட்டோவை அனுப்பினால் போதும், 1,100 ரூபாய்க்கு அதைக் கங்கையில் முக்கி எடுக்கிறோம் என்று ஒருவர் கடை விரித்தார். பார்ப்பான் வயிற்றில் போட்டால் பிதுர்லோகம் போய்ச் சேரும் என்று நம்பியவர்களுக்கு, போட்டோ நனைந்தால் பாவம் கரையும் என்பது கஷ்டமா என்ன?

பிறரைச் சொன்ன வாயால் நம்மவர்களையும் சொல்லாவிட்டால் நாம் யோக்கியர்களாக மாட்டோம். 2018இல் காலமான தோழர் கருணாநிதி, 2024 ஜனவரியில் தோழர் டி. ஆர். பாலுவின் புத்தக விழாவிலும், அதே வருஷம் செப்டம்பரில் கட்சி விழாவிலும் திரையில் தோன்றிப் பேசினார். 2016இல் காலமான ஜெயலலிதா அம்மையாரின் குரல், 2024 பிப்ரவரி 24ந் தேதி அவரது பிறந்த நாளில் தொண்டர்களை அழைத்தது. அன்பினால் செய்ததாகச் சொல்லலாம். சினிமாவில் காலஞ்சென்ற பாடகர்களின் குரலைக் குடும்பத்தாரின் சம்மதம் கேட்டு, பணமும் கொடுத்து உபயோகித்திருக்கிறார்கள். பாட்டு பாட்டாகவே இருப்பதால் அதில் நமக்குப் பெரிய ஆட்சேபணையில்லை. ஆனால் அரசியல் பேச்சு பாட்டல்ல. செத்தவர் வாயில் இன்றைய வார்த்தையைப் போட்டால், அவர் மறுக்க முடியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. நாளைக்குப் பெரியாரையே ஒருவன் இப்படி எழுப்பிக்கொண்டு வந்தால் நாம் என்ன செய்வது? கைதட்டுவதா? கல்லும் செருப்பும் விழுந்த மேடைகளில் நின்று, கேள்விச் சீட்டுக்கெல்லாம் பதில் சொன்னவர் அவர். நான் சொன்னதற்காக நம்பாதே, உன் அறிவைக் கேள் என்றவர். அவரைக் கேள்வி கேட்க முடியாத உருவமாக ஆக்குவதைப் போல அவருக்குச் செய்யும் அவமரியாதை வேறில்லை. திதி கொடுப்பதை மறுத்தவர்கள் திரையில் திதி கொடுக்கக் கூடாது.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளல்ல என்பதை வாசகர்கள் அறிவார்கள். எழுத்துத் தெரியாதவருக்கு ஏட்டைப் படித்துச் சொல்லவும், கண் தெரியாதவருக்கு வழி சொல்லவும், மீன்பிடிக்கப் போகிறவருக்குக் காற்றும் மழையும் சொல்லவும் பேசும் யந்திரம் உதவட்டும். நூறு தடவை வரவேற்கிறோம். இதே தூத்துக்குடியில் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், சிப்பிக்குள் தாங்களே கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். எப்படிச் செய்தோம் என்பதையும் ஊரறியச் சொன்னார்கள். அது விஞ்ஞானம். எப்படி என்று கேட்காதே, நம்பு என்பது கடல்கட்டி வித்தை. யந்திரமா, மந்திரமா என்பதை நிச்சயிப்பது உள்ளே இருக்கும் கம்பியல்ல. கேள்வி கேட்க நமக்குள்ள பாத்தியதைதான்.

அந்தப் பாத்தியதை நியாயஸ்தலத்திலும் நின்றிருக்கிறது. கனடா நாட்டில் பாட்டியைப் பறிகொடுத்த ஒருவருக்கு, விமானக் கம்பெனியின் பேசும் யந்திரம் சார்ஜில் சலுகை உண்டு, பிறகு மனுப் போடலாம் என்று சொல்லிற்று. கம்பெனியோ பிற்பாடு மறுத்துவிட்டது. யந்திரம் தனி ஆள், அது சொன்னதற்கு அதுவே ஜவாப்தாரி என்றுகூடக் கம்பெனி வாதாடிற்று! 2024 பிப்ரவரியில் விசாரணை மன்றம் அந்த வாதத்தைக் குப்பையில் போட்டு, கம்பெனியே பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. பதிலாள் சொன்னதற்குப் பெரியவரே பொறுப்பு. ஒவ்வொரு உப்பளத் தொழிலாளியும், ஒவ்வொரு வள்ளக்காரரும் இதை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது நாலே சங்கதிகள்தான். பேசுவது யந்திரமானால், யந்திரம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். மனிதனிடம் பேச வேண்டும் என்று கேட்டால், பேரும் பொறுப்பும் உள்ள மனிதன் வர வேண்டும். யந்திரம் சொன்ன தப்புக்கு முதலாளியே ஈடு கட்ட வேண்டும். செத்தவரை அரசியலுக்கும் மதத்துக்கும் எழுப்பக் கூடாது. இவை சட்டமாகும் வரை நமக்கு நாமே காவல். போலீஸ் உடையில் ஒருவன் வீடியோவில் வந்து, உங்களைக் கைது செய்திருக்கிறோம், பணம் அனுப்புங்கள் என்றால் அவன் திருடன். அப்படிப்பட்ட கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. மகன் குரலில் அவசரமாகப் பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு மகனுடைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஹாங்காங்கில் 2024இல் வெளிவந்த ஒரு மோசடியில், ஒரு கம்பெனிக் கணக்கர் தம் மேலதிகாரிகளென்று திரையில் கண்ட பொய் முகங்களை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிவிட்டார். அவரும் படித்தவர்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற நம்பருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இது ஆபீசில் உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்கு. உங்கள் நாற்காலியை யந்திரம் பிடுங்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறீர்கள். அது சம்பளமில்லாமல் வேலை செய்வதால் மாத்திரம் பிடுங்கவில்லை. நீங்கள் கொடுக்க மறுத்த 'நீங்கள்' என்ற சொல்லை அது கொடுப்பதாலும் பிடுங்குகிறது. அந்தச் சொல்லுக்குச் செலவு ஒன்றுமில்லை. அதை நீங்கள் கொடுத்திருந்தால், அந்த அம்மாள் மூன்று நாள் பதிலாளோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டார்.

அவரை நாம் அன்றே கூட அழைத்துக்கொண்டு நேரில் போனோம். உள்ளே இருந்தவர் வழக்கம் போல் "என்ன வேணும் உனக்கு?" என்றார். "உங்களுக்கு என்று சொல்லுங்கள், ஐயா" என்றோம். சற்று முறைத்தார், பிறகு சொன்னார். கணக்கைப் பார்த்தார். பிடித்தது தப்பு என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. சுறா பிரதிநிதிக்குப் பயப்படவில்லை, சத்தத்துக்குத்தான் பயந்தது.